தெளிஞ்ச தண்ணி எல்லாம் நல்ல தண்ணியா?

பைப்புல தண்ணி செம்மண் கலரா வந்தா அன்னைக்கு லயம் முழுக்க ஒரே சத்தம்தான். கங்காணியாரைக் கூப்பிடுறோம், ஒபிசுக்கு ஆள் அனுப்புறோம், வெல்பெயார் ஐயாவைத் தேடுறோம். அதே பைப்புல தண்ணி கண்ணாடி மாதிரி வந்தா ஒருத்தரும் ஒண்ணும் கேக்கிறதில்லை. குடத்தை வச்சுப் புடிச்சு, புள்ளைக்கும் ஒரு டம்ளர் குடுத்துட்டு மலைக்குப் போயிடுறோம். கலங்கல் தண்ணி கெட்டது, தெளிஞ்ச தண்ணி நல்லது என்று நம்ம கண் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. இந்தப் பாடத்தில் பாதிதான் சரி. மற்றப் பாதி ஆளைப் படுக்கையில் போட்டுவிடும். அதனால் தண்ணியின் நிறமும் மணமும் ருசியும் நமக்கு என்ன சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன என்று இந்த இதழில் பார்ப்போம்.

முதலில் ஒரு பழைய உண்மைக் கதை. 1854ஆம் வருசம் லண்டன் பட்டணத்தில் புரோட் ஸ்திரீட் என்ற தெருவில் வாந்திபேதி, அதாவது கொலரா, பரவியது. சில கிழமைக்குள் 600 பேருக்கு மேல் செத்துப் போனார்கள். அந்தத் தெருவில் ஒரு கைப்பம்பு இருந்தது. தண்ணி நல்ல ருசி என்று அதற்குப் பெயர். பல மைல் தள்ளிக் குடியிருந்த ஒரு விதவை அம்மா, முன்னே அந்தப் பக்கம் இருந்தவர், அந்த ருசிக்காகவே தினமும் வண்டியில் ஒரு போத்தல் வரவழைத்துக் குடித்தார். அந்த அம்மாவும் செத்தார், பார்க்க வந்து அதே தண்ணியைக் குடித்த சொந்தக்காரப் பெண்ணும் செத்தார். ஜோன் ஸ்னோ என்ற டாக்டர்தான் வீடு வீடாகப் போய் விசாரித்து, நோய் இந்தப் பம்புத் தண்ணியில் வருகிறது என்று கண்டுபிடித்தார். அவர் சொல்லித்தான் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். பின்னால் தோண்டிப் பார்த்தபோது கிணற்றுக்குச் சில அடி தூரத்தில் ஒரு மலக்குழி ஒழுகிக்கொண்டிருந்தது தெரிந்தது. வயிற்றுப்போக்கு வந்த ஒரு கைக்குழந்தையின் துணி அலசிய தண்ணியை அந்தக் குழியில்தான் ஊற்றியிருந்தார்கள்.

அந்தத் தெருவிலேயே ஒரு பியர் பெக்டரி இருந்தது. அங்கே வேலை செய்த ஆட்கள் பம்புத் தண்ணியைத் தொடாமல் பியரையே குடித்ததால் தப்பிவிட்டார்கள். இதைச் சாட்டி யாரும் இன்னைக்கு அந்தியில் கசிப்புக்குக் கிளம்ப வேண்டாம். பியர் காய்ச்சும்போது தண்ணியைக் கொதிக்க வைக்கிறார்கள், காப்பாற்றியதில் அந்தக் கொதிக்கும் பெரிய பங்கு.

கொலரா நமக்கும் தூரத்துக் கதை இல்லை. நம்ம பாட்டன் பூட்டன் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியாக நடந்து வந்தவர்களில் எத்தனையோ பேர் வழியில் கொலராவில் விழுந்தார்கள். பிற்காலத்தில் மண்டபம் கேம்பில் ஆட்களை நாள்கணக்கில் நிறுத்தி வைத்துப் பார்த்தபிறகு அனுப்பியதும் இந்தப் பயத்தால்தான். இப்போது தோட்டத்தில் நாம் அதிகம் பார்ப்பது வயிற்றோட்டம், சீதபேதி, நெருப்புக்காய்ச்சல், செங்கமாரி. இவை நாலுமே மனிதக் கழிவு கலந்த தண்ணியால் வரக்கூடியவை. கிருமிக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, ருசியும் கிடையாது. நம்ம நாட்டில் குடிதண்ணிக்கு எஸ்.எல்.எஸ். 614 என்று ஒரு தரம் வைத்திருக்கிறார்கள். அதன்படி 100 மில்லிலீட்டர் தண்ணியில், அதாவது அரை டம்ளரில், மலத்தில் இருந்து வரும் ஈ.கோலி என்ற கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒன்று இருக்கிறதா ஆயிரம் இருக்கிறதா என்று எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது.

சரி, அப்படியென்றால் நிறத்தையும் மணத்தையும் பார்ப்பதே வீணா? வீண் இல்லீங்க. தண்ணி எங்கே, எப்படிக் கெட்டது என்று அவை துப்புச் சொல்லும். அந்தத் துப்பைச் சரியாகப் படிக்கத் தெரியவேணும், அவ்வளவுதான்.

பால் மாதிரி வெள்ளையா வந்தா

சில நாள் பைப்பைத் திறந்ததும் தண்ணி பால் கலந்த மாதிரி வரும். "மருந்து போட்டிருக்காங்க" என்று சொல்லி அப்படியே கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. கொட்டுவதற்கு முன்னே ஒரு கண்ணாடிக் கிளாசில் புடிச்சு இஸ்தோப்புல வச்சுப் பாருங்க. ஒன்று இரண்டு நிமிசத்தில் அடியிலிருந்து மேல் நோக்கித் தெளிந்து வந்தால் அது வெறும் காற்று. மேலே டேங்கியில் தண்ணி குறைந்து பைப்புக்குள் காற்று புகுந்திருக்கும், அல்லது நின்ற தண்ணி திரும்ப வரும்போது காற்றைத் தள்ளிக்கொண்டு வரும். காற்றால் கெடுதி இல்லை. மேலிருந்து கீழ் நோக்கித் தெளிந்து அடியில் மண்டி படிந்தால் அது மண்தூள் அல்லது களிமண், அதன் கதை வேறு. ஆனால் காற்று அடிக்கடி வருகிறது என்றால் பைப் அடிக்கடி காலியாகிறது என்று அர்த்தம். அது ஏன் ஆபத்து என்று பின்னால் சொல்கிறேன்.

செம்மண் கலரும் துரு கலரும்

இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் காரணம் வேறு. விடியக்காலையில் முதல் வாளி மட்டும் சிவப்பாக வந்து, கொஞ்சம் ஓடவிட்டதும் தெளிந்தால் அது பழைய இரும்புப் பைப்பின் துரு. இராத்திரி முழுக்கப் பைப்புக்குள் நின்ற தண்ணி துருவைக் கரைத்துக்கொண்டு வருகிறது. அந்தத் துருவால் பெரிய நோய் வராது. துணி கறைபடும், நாக்கில் ஆணியைச் சப்பின மாதிரி இருக்கும். முதல் வாளியைக் கக்கூஸ் கழுவவும் பூச்செடிக்கும் வைத்துக்கொண்டு அடுத்ததைக் குடிக்கப் புடிங்க.

மழை பெய்த அன்றைக்கு எல்லா லயத்துப் பைப்பிலும் ஒரே நேரத்தில் கலங்கல் வந்து, ஓடவிட்டாலும் தெளியாமல் இருந்தால், ஊத்துக்குள் மேல்தண்ணி இறங்குகிறது. இதை "மழைக்கு அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. மேல்தண்ணி என்பது மலையைக் கழுவிக்கொண்டு வரும் தண்ணி. மாட்டுச் சாணம், நாய் மலம், காட்டுப் பக்கம் ஒதுங்குகிறவர்களின் கழிவு, தேயிலைக்குப் போட்ட உரம் எல்லாம் அதில்தான் வரும். மண் வரக்கூடிய ஓட்டை வழியாகக் கிருமியும் வரும். இரண்டு நாளில் மண் படிந்து தண்ணி தெளிந்துவிடும், கிருமி தெளியாது. ஆகவே மழை விட்டுத் தண்ணி தெளிந்த முதல் சில நாளில்தான் இன்னும் கவனம் வேணும்.

இந்த இடத்தில் தண்ணியைவிடப் பெரிய விசயம் ஒன்று இருக்கிறது. எப்போதும் தெளிவாக ஓடும் ஊத்து கடும் மழை நேரத்தில் திடீரென்று சேறாக வந்தால், அல்லது ஓடிக்கொண்டிருந்த ஊத்து சட்டென்று நின்றால், அல்லது இதுவரை இல்லாத இடத்தில் புதிதாக ஊத்து கிளம்பினால், மலை நகர ஆரம்பித்திருக்கலாம். மண்சரிவுக்கு முன் காட்டும் அடையாளங்களில் இவையும் சேர்த்தி. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்க முடியாது. அந்த மாதிரித் தண்ணியைக் கண்டால் பைப் ரிப்பேர் பற்றி யோசிக்காமல் புள்ளைகளையும் வயசானவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்க. பிறகு 117க்குப் போன் போட்டு அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குச் சொல்லுங்க.

பிளேன்டீ கறுத்துப் போனா

இது நம்ம கையிலேயே இருக்கிற பரிசோதனை. தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கறுப்பாகிவிடும். அந்தக் காலத்தில் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து எழுதுகிற மை செய்தது இதே முறையில்தான். எப்போதும் போடுகிற அதே தூளைப் போட்டும் பிளேன்டீ செம்பு நிறம் வராமல் மை மாதிரிக் கருநீலமாக இருந்தால், தண்ணியில் இரும்பு அதிகம். தூளைக் குறை சொல்ல வேண்டாம், பாவம், அது நாம் பறித்த கொழுந்துதான்.

எஸ்.எல்.எஸ். தரத்தில் ஒரு லீட்டருக்கு 0.3 மில்லிகிராம் வரைதான் இரும்பு இருக்கலாம். அதற்கு மேலே போனால் ருசியும் நிறமும் மாறும். சில ஊத்துத் தண்ணி புடிக்கும்போது தெளிவாக இருந்து, வாளியில் கொஞ்ச நேரம் நின்றபிறகு மஞ்சளாகி அடியில் துரு மாதிரிப் படியும். கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டதும் துருவாகிறது. இப்படிப்பட்ட தண்ணியை அகலமான வாளியில் இராத்திரி மூடிவைத்து, காலையில் அசைக்காமல் மேல்தண்ணியை மட்டும் எடுத்துக் காய்ச்சினால் போதும்.

பீலிக்கரையில் ஆரஞ்சு நிறத்தில் வழுவழுப்பான பாசி மாதிரி ஒட்டியிருப்பதையும், தண்ணி மேலே எண்ணெய்ப் படலம் மாதிரி வானவில் நிறம் மினுங்குவதையும் பார்த்திருப்பீங்க. "பெக்டரி டீசல் ஊத்துல கலந்திடுச்சு" என்று பயப்படுவதற்கு முன் ஒரு குச்சியால் அந்தப் படலத்தைக் கிளறிப் பாருங்க. கண்ணாடி உடைகிற மாதிரித் துண்டு துண்டாகப் பிரிந்து அப்படியே நின்றால், அது இரும்பைத் தின்று வாழும் ஒரு வகை நுண்ணுயிரியின் வேலை. அதனால் நோய் வராது. குச்சியை எடுத்ததும் படலம் சுழன்று திரும்ப ஒன்றாகச் சேர்ந்துகொண்டால் அது உண்மையான எண்ணெய். அந்தத் தண்ணியைத் தொட வேண்டாம்.

கேத்தல் அடியில் வெள்ளையாகச் செதில் பிடிப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். அது சுண்ணாம்பு. நம்ம மலைநாட்டுத் தண்ணி பெரும்பாலும் மென்மையானது, சவுக்காரம் கொஞ்சம் போட்டாலே நுரைக்கும். சுண்ணாம்புக் கல் உள்ள சில இடங்களில்தான் செதில் பிடிக்கும். அதனால் கேத்தல் கெடும், விறகு கூடச் செலவாகும், வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது. தேசிக்காய்ச் சாறு விட்டுக் காய்ச்சினால் கழன்றுவிடும்.

மூக்கு சொல்லுறது

கூழ்முட்டை நாற்றம் வந்தால் முதலில் கிளாசை எடுத்துக்கொண்டு கானை விட்டு நாலு அடி தள்ளிப் போய் மோந்து பாருங்க. அங்கே நாற்றம் இல்லையென்றால் நாறியது கான், தண்ணி இல்லை. அங்கேயும் நாறினால் டேங்கியில் இலை சருகு அழுகியிருக்கலாம், எலியோ தவளையோ விழுந்து செத்திருக்கலாம், சாக்கடை கலந்திருக்கலாம். டேங்கியைத் திறந்து பார்க்காமல் அந்தத் தண்ணியைக் குடிக்கக் கூடாது.

மண் வாசம், பூஞ்சண வாசம் வந்தால் அநேகமாக டேங்கியில் பாசி. மூடி இல்லாமல் வெயில் படுகிற டேங்கி, வெளிச்சம் உள்ளே போகிற மெல்லிய ஹோஸ் பைப் இரண்டிலும் பாசி வளரும். பாசியை விட, மூடி இல்லை என்பதுதான் கவலை. வெயில் விழுகிற டேங்கியில் பறவை எச்சமும் விழும்.

குளோரின் வாசத்தைப் பற்றித்தான் எங்கும் முறைப்பாடு. "மருந்து வாடை, குடிக்க முடியலீங்க" என்கிறார்கள். அந்த இலேசான வாடை வந்தால் சந்தோசப்படுங்க. பி.எச்.ஐ. ஐயா போடுகிற டி.சி.எல். தூளில் உள்ள குளோரின் கிருமியைக் கொன்றுவிட்டு, மிச்சமும் இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அரை மணித்தியாலம் பொறுத்துத்தான் அது வேலையை முடிக்கும். வாடை பிடிக்காவிட்டால் கொஞ்ச நேரம் திறந்த சட்டியில் வைத்தால் போய்விடும். ஒன்று மட்டும் சொல்லவேணும். கலங்கல் தண்ணியில் குளோரின் போட்டால் மண்ணே அதைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. முதலில் தெளிய வைத்து, பிறகுதான் மருந்து.

மண்ணெண்ணெய், டீசல், புல்லு மருந்து வாடை எது வந்தாலும் அந்தத் தண்ணியைக் குடிக்கவோ சமைக்கவோ குளிக்கவோ வேண்டாம். காய்ச்சினாலும் சரிவராது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், இரசாயன மருந்து அப்படியே இருக்கும். தண்ணி ஆவியாகிக் குறையும்போது மருந்தின் அளவு கூடவும் செய்யும். மருந்தடிக்கிற கேனைப் பீலிக்கரையில் கழுவுவதும், காலியான மருந்துப் போத்தலில் குடிதண்ணி வைப்பதும் எந்தத் தோட்டத்தில் நடந்தாலும் உடனே நிறுத்த வேண்டிய வேலை. மூணு தரம் கழுவினாலும் அது மருந்துப் போத்தல்தான்.

வாடையே இல்லாத இரசாயனமும் உண்டு. மரக்கறித் தோட்டத்துக்கும் தேயிலைக்கும் போடுகிற யூரியா உரம் மண்ணுக்குள் நைத்திரேற்றாக மாறி ஊத்துக்கு இறங்கும். லீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலே போனால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு இரத்தத்தில் காற்றுப் பிடிக்கிற சக்தி குறைந்து உடம்பு நீலம் பாரிக்கலாம். இதையும் காய்ச்சி எடுக்க முடியாது, ஆய்வுகூடத்தில்தான் கண்டுபிடிக்கலாம். ஊத்துக்கு மேலே யாராவது புதிதாகக் காய்கறிப் பாத்தி போட்டால் வெல்பெயார் ஒபிசரிடம் சொல்லிவிடுங்க. ஊத்துக்கு அடியில் போட்டால் அந்த ஊத்துக்குத் தொந்தரவில்லை.

பைப்புக்குள்ள நடக்கிற களவு

இப்போது முன்னே விட்ட விசயத்துக்கு வருவோம். அநேகமான டிவிசன்களில் தண்ணி நாள் முழுக்க வருவதில்லை. காலையில் கொஞ்ச நேரம், அந்தியில் கொஞ்ச நேரம். தண்ணி நிற்கும்போது பைப் காலியாகிறது. மேல் லயத்து பைப்பில் இருக்கும் தண்ணி கீழே இறங்கும்போது பின்னால் உறிஞ்சும். பப்பாசிக் குழலின் ஒரு நுனியைத் தண்ணிக்குள் வைத்து மறு நுனியை உறிஞ்சினால் என்ன ஆகுமோ அதேதான். பைப்பில் எங்கேயாவது பொத்தல் இருந்து, அந்தப் பொத்தல் கானுக்குள் இருந்தால், கான் தண்ணி பைப்புக்குள் போகும். திரும்பத் தண்ணி விடும்போது அது முதல் ஆளுடைய குடத்துக்கு வரும். நிறம் மாறுகிற அளவுக்குக்கூட வராது. அரை டம்ளரில் ஒன்று போதும் என்று முன்னே பார்த்தோமே!

நம்ம லயங்களைச் சுற்றிப் பாருங்க. பைப் எங்கே போகிறது? வாசல் கானுக்குள்ளேயே போகிறது, அல்லது கானைக் குறுக்கே தாண்டுகிறது. உடைந்த இடத்தில் ரப்பர் டியூப்பைச் சுற்றிக் கட்டியிருக்கிறது. எனக்குக் கேட்டால், தோட்டத்துத் தண்ணியில் மலையுச்சி ஊத்தைவிட இந்தக் கடைசி 50 அடிப் பைப்புக்குத்தான் முதலில் பயப்படவேணும். ஊத்துக்குப் பெட்டி கட்டப் பணம் வேணும், எஸ்டிமேட் வேணும். கானுக்குள் கிடக்கும் பைப்பை எடுத்துக் கானுக்கு மேலாகப் போட ஒரு ஞாயிற்றுக்கிழமையும் நாலு ஆளும் இருந்தால் பெரும்பாலும் ஆகிவிடும்.

இன்னொரு களவு ஹோஸ் பைப். குழாயில் மாட்டின ஹோசின் நுனியை அழுக்குத் துணி ஊறுகிற வாளிக்குள் விட்டுவிட்டுப் போய்விடுகிறோம். தண்ணி நின்றதும் வாளித் தண்ணி ஹோஸ் வழியாகப் பைப்புக்குள் ஏறும். வேலை முடிந்ததும் ஹோசைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுங்க. தண்ணி திரும்ப வரும்போது முதல் ஒரு வாளியைக் குடிக்க எடுக்காதீங்க.

மலைச்சரிவில் லயங்கள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருப்பதால் மேல் லயத்துக் குழிக் கக்கூஸ், கீழ் லயத்துப் பீலிக்கு நேர் மேலே அமைந்துவிடும் இடங்களும் உண்டு. மேலே இருப்பவர்கள் கெட்டவர்கள் என்று இல்லை, அந்த இடத்தில் கட்டிக் குடுத்தார்கள். குழிக்கும் ஊத்துக்கும் இடையே குறைந்தது 100 அடி இருக்கவேணும், குழி ஊத்துக்குக் கீழ்ப்பக்கம் இருப்பது நல்லது. புதுக் கக்கூஸ் கட்ட இடம் குறிக்கும்போதே இதைப் பேசிவிட வேணும். கொங்கிரீட் போட்டபிறகு பேசி என்ன பலன்?

காய்ச்சுறது

ஆகக் கிருமி இருக்கிறதா இல்லையா என்று தெரியாத தண்ணிக்கு நம்ம கையில் உள்ள ஒரே நிச்சயமான வழி காய்ச்சுவதுதான். வெள்ளைத் துணியில் வடித்தால் குப்பையும் புழுவும் நிற்கும். பங்களாதேசத்தில் பழைய சேலைத் துணியை நாலு மடிப்பு, எட்டு மடிப்பாக மடித்து வடித்துக் குடித்த கிராமங்களில் கொலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2003இல் ஆய்வு வந்தது. பாதி குறைந்தது நல்லதுதான், மற்றப் பாதி யார் வீட்டுப் புள்ளை? தேத்தாங்கொட்டை உரைத்துப் போட்டாலும் படிகாரம் போட்டாலும் தண்ணி தெளியும், அத்தோடு சரி. தெளிய வைத்தபிறகும் காய்ச்சத்தான் வேணும்.

சுடுதண்ணி வேறு, கொதித்த தண்ணி வேறு. ஆவி வந்ததும் இறக்கினால் போதாது. பெரிய கொப்புளங்கள் அடியிலிருந்து மேலே வந்து உருண்டு கொதிக்கவேணும், அதற்குப் பிறகு ஒரு நிமிசம் விடவேணும். உயரமான இடத்தில் தண்ணி குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். நுவரெலியா 6,000 அடிக்கு மேலே இருப்பதால் அங்கே ஏறக்குறைய 94 பாகையில் கொதிக்கும். அந்தச் சூடும் கிருமியைக் கொல்லப் போதும், இருந்தாலும் அந்த உயரத்துத் தோட்டங்களில் 3 நிமிசம் விட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை.

"விறகுக்கு எங்க போறது, கேஸ் விக்கிற விலையில தண்ணியும் காய்ச்சணுமா?" என்று அக்காமார் கேட்பது நியாயம். கொழுந்து நிறுத்துட்டு அந்திக்கு வந்து, சோறாக்கி, துணி அலசி, அதற்கு மேலே இதுவும் ஒரு வேலை. அதனால்தான் புதிதாக அடுப்பு மூட்டச் சொல்லவில்லை. இராச் சோறு இறக்கினதும் தணலோடு இருக்கிற அடுப்பில் ஒரு கேத்தலை ஏற்றி, இரண்டு சுள்ளி தள்ளிவிட்டால் கொதித்துவிடும். இதைச் செய்ய வீட்டு ஆம்பளைக்குக் கை இருக்கிறது. பள்ளிக்கூடம் போகிற பெரிய புள்ளையும் பார்த்துக்கொள்ளலாம். எல்லாத் தண்ணியையும் காய்ச்ச முடியாவிட்டால் குடிக்கிற தண்ணி, புள்ளைக்குப் பால் கரைக்கிற தண்ணி, மலைக்குக் கொண்டு போகிற போத்தல் இந்த மூன்றையாவது விடக் கூடாது. பிளேன்டீ குடிக்கிறவர்களுக்கு ஒரு நன்மை உண்டு, நல்லாக் கொதித்த தண்ணியில் போட்டால் அதுவே காய்ச்சின தண்ணிதான். மலையில் தாகம் எடுத்து ஓடைத் தண்ணியைக் கையால் அள்ளிக் குடிப்பதும், வெந்நீர் சுடுகிறது என்று பச்சைத் தண்ணி கலந்து ஆற்றுவதும் காய்ச்சின வேலையைக் கெடுத்துவிடும்.

காய்ச்சினபிறகு அந்தத் தண்ணி வீட்டுக்குள் திரும்பக் கெடுவதும் உண்டு. அகல வாய்ச் சட்டியில் வைத்து, வருகிறவர் போகிறவர் எல்லாம் டம்ளரை முக்கி எடுத்தால் விரல் நகத்து அழுக்கும் சேர்ந்து முங்கும். காய்ச்சின கேத்தலிலேயே மூடிவைத்து ஊற்றிக் குடிங்க. அல்லது வாய் சிறுத்த குடம், மூடி உள்ள போத்தல் நல்லது. கக்கூஸ் போய் வந்தபிறகும் புள்ளைக்குக் கால் கழுவினபிறகும் கைக்குச் சவுக்காரம் போடாமல் குடத்தைத் தொடாதீங்க.

இவ்வளவும் பார்த்தும் புள்ளைக்கு வயிற்றோட்டம் வந்துவிட்டால் தண்ணியை நிறுத்தாதீங்க. "ஓடுற வயித்துக்குத் தண்ணி குடுக்காதே" என்று பழைய ஆட்கள் சொல்வது தப்பு. போன தண்ணி திரும்ப உள்ளே போகவேணும். ஜீவனி பக்கெட்டைக் காய்ச்சி ஆறின ஒரு லீட்டர் தண்ணியில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடுங்க, ஒரு நாளைக்கு மேலே அதை வைத்திருக்க வேண்டாம். தாய்ப்பாலையும் நிறுத்த வேண்டாம். கண் குழி விழுந்தால், ஒண்ணுக்குப் போகாமல் இருந்தால், மலத்தில் இரத்தம் கண்டால், புள்ளை துவண்டு போனால் பேர் போய்விடும் என்று பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்க.

யார்கிட்ட, எப்படிச் சொல்றது

"தண்ணி சரியில்லை" என்று மட்டும் சொன்னால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. எந்த லயம், எந்தப் பைப், எந்த நாள், எத்தனை மணி, மழைக்கு முன்னா பின்னா, முதல் வாளி மட்டுமா எல்லா வாளியுமா, பக்கத்து லயத்திலும் அப்படியா என்று ஒரு கொப்பித் தாளில் எழுதிக் குடுங்க. ஒரே கிழமையில் ஒரே பைப்பில் புடிக்கிற மூணு நாலு வீட்டில் வயிற்றோட்டமோ செங்கமாரியோ வந்தால் அதை முதல் வரியில் எழுதுங்க. வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்திலும் வெல்பெயார் ஒபிசரிடமும் ஒரு பிரதி, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒரு பிரதி. மிட்வைப் அம்மா லயத்துக்கு வரும்போது அவரிடமும் சொல்லலாம், அவர் சுகாதார வைத்திய அதிகாரியின் ஒபிசுக்குக் கொண்டு போவார்.

தண்ணியைப் பரிசோதனைக்கு அனுப்பவேணும் என்றால் பி.எச்.ஐ. ஐயாவே போத்தல் கொண்டுவருவார். "நாங்களே ஒரு சோடாப் போத்தலில் புடிச்சு வச்சிருக்கோம் ஐயா" என்று குடுத்தால் அது எடுபடாது, ஏனென்றால் போத்தலில் இருந்த கிருமியா பைப்பில் வந்த கிருமியா என்று பிரிக்க முடியாது. ஆய்வுகூடப் போத்தல் கிருமி நீக்கிக் கட்டி வைத்தது. அதற்குள் கொஞ்சம் மருந்தும் இருக்கலாம், அது குளோரினை அடக்கத்தான். அழுக்கென்று நினைத்து அலசிவிட வேண்டாம். மாதிரி எடுத்த தண்ணி ஐசில் வைத்து அன்றைக்கே போய்ச் சேரவேணும். ஆகவே அவர் வருகிற நாளைக் கேட்டுவைத்துக்கொண்டு, தண்ணி விடுகிற நேரத்தையும் அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்க. பைப் காய்ந்து கிடக்கிற நேரத்தில் அவர் வந்து நின்றால் வெறுங்கையோடுதான் திரும்புவார்.